கிறிஸ்துமஸ் குடில்: எதை எப்போது வைப்பது, பார்க்க வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கேள்வி: கிளைக்கோயில்_காங்கேயம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்கற ஒரு கிளைக் கோயிலுக்காகக் கேக்கறேன். இந்த வருசம் குடில் வேலை இளையோர் குழு பொறுப்பு. இடம் கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம், 12 அடி அகலம், 8 அடி ஆழம். சுரூபங்க எல்லாம் இருக்குதுங்க: யோசேப்பு நின்ன வாக்குல ரெண்டு அடி, மாதா முழங்கால் போட்ட மாதிரி, பாலன், இடையர் ரெண்டு பேரு, ராஜாக்கள் மூணு பேரு, ஒட்டகம், மாடு, கழுதை, ஆறு ஆடு, வானதூதர் ஒருத்தர்.

இந்தத் தடவை பஞ்சுப் பனி, தெர்மாகோல் மலை எல்லாம் விட்டுட்டு நம்மூருக் கட்டுத்தரை மாதிரியே செய்யலாம்னு ஒரு பேச்சு. அதுலதான் சண்டை. காங்கேயம் மாடு வெச்சா அது பெத்லகேம் ஆகுமான்னு ஒரு தரப்பு. ராஜாக்களை 24-ஆம் தேதி ராத்திரியே வைக்கலாமா கூடாதா, பாலனை எந்த நேரத்துல வைக்கறது, எப்பப் பிரிக்கறது, இதுல எல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

அதைவிட முக்கியமான ஒண்ணுங்க. சுத்துவட்டாரத்துக் காட்டுக்காரங்க, மில்லு வேலைக்கு வர்றவங்க எல்லாம் குடும்பத்தோட குடில் பாக்க வருவாங்க. அவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: "கடவுள் எதுக்குங்க மாட்டுத் தொட்டியில பொறக்கணும்?" அங்க நிக்கற பசங்க "ஏழையா பொறந்தாருங்க"ன்னு சொல்லிட்டு முழிக்கறாங்க. ரெண்டு நிமிசத்துல சொல்ற மாதிரி, ஆனா தப்பில்லாம, என்ன சொல்லலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பதில் 1: திருவழிபாடு_கோவை

முதலில் தொட்டியைச் செய்யுங்கள். கூரை, நட்சத்திரம், மலையெல்லாம் அப்புறம். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் அந்தத் தீவனத் தொட்டி மூன்று தடவை வருகிறது (7, 12, 16 வசனங்கள்). தொழுவம் என்று தனியாக எதையும் லூக்கா சொல்லவில்லை. இடையர்களுக்கு வானதூதர் கொடுத்த அடையாளமே துணியில் பொதிந்து தொட்டியில் கிடத்திய குழந்தைதான். ஆகவே வருகிறவர்களின் கண் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது. முக்கால்வாசிக் குடில்களில் கண் போவது மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சிக்கு.

அளவு: யோசேப்பு 60 செ.மீ. உயரம், ஓர் ஆள் 165 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நிஜ அளவில் 11-ல் 4 பங்கு. பிறந்த குழந்தை சுமார் 50 செ.மீ. இருக்கும், அப்படியானால் பாலன் 18 செ.மீ. இருந்தால் போதும். கடைகளில் சேர்த்து விற்கும் பாலன் சுரூபம் பெரும்பாலும் ஒரு வயசுக் குழந்தை அளவுக்குப் பெரிதாக இருக்கும். மாற்ற முடியாவிட்டால் தொட்டியை 40 செ.மீ. நீளத்துக்கு எடுத்து, வைக்கோலை ஆழமாகப் போட்டு உள்ளே அமிழ வையுங்கள். சரியான அளவுப் பாலன் கிடைத்தால் தொட்டி 33 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம். தொட்டியைத் தரையில் வைக்காமல் ஒன்றரை அடி மேடை கட்டி, தலைப்பக்கம் இரண்டு விரற்கடை தூக்கி, வாசல் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைக்க வேண்டும். தட்டையாக வைத்தால் முன்வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்குத் தொட்டியின் பக்கப் பலகைதான் தெரியும்.

இனி நாள் வரிசை. திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்தின்) முதல் ஞாயிறு அன்று நிலம், வேலி, வெறும் கூரை. மூன்றாம் வாரம் மாடும் கழுதையும். 24-ஆம் தேதி சாயங்காலம் மாதாவும் யோசேப்பும். தொட்டி அதுவரை காலி. பாலனை இரவுத் திருப்பலியில் பவனியாகக் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம். கிறிஸ்து பிறப்பு அறிவிப்பைப் பாடி முடித்தவுடன் வைக்கும் பங்குக் கோயில்களும் உண்டு, வானவர் கீதத்தின்போது வைக்கும் பங்குக் கோயில்களும் உண்டு. எது என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே பாலனைக் கிடத்தி மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நான்கு வாரம் காத்திருந்ததற்கு அர்த்தமே அந்தக் காலித் தொட்டியில்தான் இருக்கிறது.

இடையர்கள்: இரவுத் திருப்பலி நற்செய்தி லூக்கா 2:1-14. அதில் அவர்கள் இன்னும் வயலில்தான் இருக்கிறார்கள். அவர்கள் புறப்பட்டு வந்து பார்ப்பது விடியற்காலைத் திருப்பலி நற்செய்தியில், 2:15-20. எனவே இரவில் இடையர் பட்டியிலேயே நிற்கட்டும், விடிந்ததும் தொட்டி அருகே நகர்த்துங்கள். இந்த ஒரு மாற்றத்தை ஊர்க் குழந்தைகள் கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

ராஜாக்கள்: 24-ஆம் தேதி இரவில் வேண்டாம். மத்தேயு 2:11-ன்படி அவர்கள் வந்து சேர்ந்தது ஒரு வீட்டுக்கு. ஏரோது இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கொல்லச் சொன்னதை வைத்துப் பார்த்தால், பிறந்த அன்றே அவர்கள் வந்ததாகக் கொள்ள முடியாது. அவர்களை அரசர்கள் என்றோ மூன்று பேர் என்றோ மத்தேயு எழுதவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று ஆனது. 12 அடியில் வலது கோடியில் நிறுத்தி, தினம் ஒரு சாண் நகர்த்தி, திருக்காட்சிப் பெருவிழா அன்று சேர்த்துவிடுங்கள். இந்தியாவில் அது ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடையே வரும் ஞாயிறு.

பிரிப்பது ஆண்டவரின் திருமுழுக்கு விழா முடிந்த பிறகு. கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றோடு முடிகிறது. வழக்கமாக அது திருக்காட்சிக்கு அடுத்த ஞாயிறு. திருக்காட்சி ஜனவரி 7 அல்லது 8-ல் வந்துவிட்டால் மறுநாள் திங்களே திருமுழுக்கு விழா. இதைப் பார்க்காமல் ஒரு வாரம் கூடுதலாக வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. புத்தாண்டு முடிந்ததும் அவசரமாகப் பிரிப்பது அதைவிட அதிகம். ராஜாக்கள் பாதி வழியிலேயே பெட்டிக்குள் போய்விடுவார்கள்.

இடம் நுழைவாயில் இடது பக்கம் என்பது நல்லது. பீடத்தையோ நற்கருணைப் பேழையையோ வாசக மேடையையோ குடில் மறைக்கக் கூடாது.

---

பதில் 2: கொறங்காடு

மாடு, கழுதை பத்தி. நற்செய்தியில ரெண்டும் இல்லை. அவை வந்தது எசாயா 1:3-லிருந்து: மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எசமானன் தீனி போடற தொட்டியை அறியும், என் மக்களுக்கோ தெரியலைன்னு ஆண்டவர் வருத்தப்படற இடம். 4-ஆம் நூற்றாண்டுக் கல்லறைப் பெட்டிச் சிற்பங்கள்லயே குழந்தைக்குப் பக்கத்துல மாடும் கழுதையும் இருக்கு. 1223-ல இத்தாலியில கிரெச்சோ ஊர்ல அசிசி பிரான்சிஸ் வைக்கோலைப் போட்டு நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அந்தத் தொட்டி மேலயே திருப்பலி நடக்க வெச்சார். அங்க மாதா சுரூபமோ பாலன் சுரூபமோ கிடையாது. அந்த ஊர்க்காரங்க தங்கள் ஊர் மாட்டைத்தான் கொண்டுவந்திருப்பாங்க. அப்புறம் காங்கேயம் மாட்டுக்கு என்ன தடை?

செய்யறதைச் சரியாச் செய்யணும், அவ்வளவுதான். பொலிகாளைக்குத்தான் திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். கட்டுத்தரையில கட்டற எருது வெள்ளை கலந்த சாம்பல் நிறம், திமில் கறுப்பா இருக்காது. கன்னுக்குட்டி வைக்கறீங்கன்னா செவலையாப் பூசுங்க, காங்கேயம் கன்னு செவலையாப் பொறந்து நாலஞ்சு மாசம் போய்த்தான் சாம்பலாகும். வெள்ளைக் கன்னு வெச்சா இந்தச் சீமையில மாடு வளர்க்கறவங்க சிரிச்சுருவாங்க. ரெண்டு அடி யோசேப்புக்கு மாட்டோட முதுகு அவர் நெஞ்சு உயரத்துக்கு வரணும்.

ஆடு: பஞ்சு ஒட்டின ஆடு மேச்சேரி ஆடு ஆகாதுங்க. மேச்சேரிக்குக் கம்பளி ரோமமே இல்லை, வெளிர் பழுப்பு, குட்டை வால். கம்பளி ஆடுதான் வேணும்னா கோயமுத்தூர் குரும்பை ஆட்டைப் பாருங்க, வெள்ளை உடம்புல கறுப்போ பழுப்போ திட்டு இருக்கும். இடையர் பகுதியைக் கொட்டகைக்குள்ள கொண்டுபோக வேண்டாம். லூக்கா சொல்றது வயல்வெளியில ராத்திரி காவல். நாலு படல் கட்டி ஒரு பட்டி, வெளியில ஒரு ஆள் கம்பளி போத்திக்கிட்டு உக்கார்ந்த மாதிரி, முன்இடது மூலையில. நம்ம பக்கம் பட்டி போட்டுப் படுக்கற ஆளுங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்கு விளக்கமே தேவையில்லை.

இன்னொண்ணு. ராஜாக்கள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் ஒரு மரப்பிசின். நம்ம கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) வேலியில நிக்கற முள்கிளுவையும் அந்தப் போள மரமும் ஒரே பேரினம். ராஜாக்கள் வர்ற பாதை ஓரமா ரெண்டு கிளுவைப் போத்து நட்டு வெச்சுட்டுச் சொல்லிப் பாருங்க, யாரும் மறக்க மாட்டாங்க. முள்ளு வெளிப்பக்கம் நீட்டாம திருப்பி நடணும். போளம் சும்மா வாசனைக்காக வரலைங்க. சிலுவையில அவருக்கு நீட்டின திராட்சை ரசத்துல கலந்திருந்தது அதுதான் (மாற்கு 15:23). அடக்கத்துக்கு நிக்கதேமு கொண்டுவந்த நூறு ராத்தல் கலவையிலயும் அதுதான் (யோவான் 19:39).

---

பதில் 3: வயரிங்_திருப்பூர்

கட்டுத்தரை நல்ல யோசனை. ஆனா சோளத்தட்டு, வைக்கோல், தென்னந்தடுக்கு மூணும் தீப்பெட்டிங்க. இதைக் கேளுங்க.

குடிலுக்குள்ள மெழுகுவர்த்தி, சாம்பிராணி, ஊதுவத்தி கிடையவே கிடையாது. மெழுகுவர்த்தி ஸ்டாண்டு குடிலை விட்டு 6 அடி தள்ளி, மணல் தட்டு மேல. குண்டு பல்பு, ஹாலோஜன் வேண்டாம், சூடு ஆகும். 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் போடுங்க. 5 மீட்டர் சுருள் சாதாரண வகை 24 வாட், அதாவது 2 ஆம்பியர் இழுக்கும், அதுக்கு 3 ஆம்பியர் அடாப்டர் போடணும். 2 ஆம்பியர் அடாப்டரே போட்டா ராத்திரி முழுக்க ஓடிக் கொதிக்கும். அடாப்டரை வைக்கோலுக்குள்ள புதைக்காதீங்க, வெளியில பலகை மேல காத்தாட வைங்க. 230 வோல்ட் ஒயர் ஜாயின்ட் ஒண்ணுகூட குடிலுக்குள்ள வரக்கூடாது. லைன் எடுக்கற பாயின்ட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்ச்) இருக்கான்னு பாத்து, டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்க. ரெண்டு வாளி மணல், தீ அணைக்கற ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஒண்ணு, கைக்கு எட்டற இடத்துல. ராத்திரி கோயில் பூட்டும்போது மெயினோட நிறுத்தணும்.

வெளிச்சம் எத்தனைன்னு கேட்டா, கம்மி. தொட்டி மேல மட்டும் மஞ்சள் ஒளி, 2700 அல்லது 3000 கெல்வின், ஒரே விளக்கு, மேலயிருந்து சாய்வா. பட்டிப் பக்கம் மங்கலா ஒண்ணு. கலர் மாறி மாறி மின்னற சீரியல் செட் போட்டா நகைக்கடைத் திறப்பு விழா மாதிரி ஆயிரும்.

பஞ்சுப் பனி வேண்டாம்னு எடுத்த முடிவு சரி. பெத்லகேம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 775 மீட்டர்ல இருக்கற மலையூர், டிசம்பர்ல குளிரும், மழை பெய்யும், பனி விழறது அபூர்வம். தவிர பஞ்சு ஒரு பொறி பட்டாப் போதும்.

பச்சை வயலுக்கு ராகி தெளிங்க. 8 மணி நேரம் ஊறவெச்சு, ஈரத்துணியில ஒரு ராத்திரி கட்டிவெச்சு, ஒரு அங்குலம் மணல் கலந்த மக்குரத்துல நெருக்கமாத் தூவி, மேல லேசா மூடணும். டிசம்பர் 13, 14 வாக்குல போட்டா 24-ஆம் தேதிக்கு ரெண்டு அங்குலம் நிக்கும். இருட்டு மூலையில வெச்சா மஞ்சளா நீண்டு சாஞ்சுரும், அதனால தட்டுத் தட்டா வெளியில வளர்த்து, 23-ஆம் தேதி உள்ள கொண்டுவந்து அடுக்குங்க. தண்ணி தெளிக்கறது மட்டும், ஊத்தக்கூடாது, பூஞ்சை புடிச்சுரும். எல்.இ.டி. ஒயர் அந்தத் தட்டுக்கு அடியில போகக்கூடாது.

பிரிச்ச அப்புறம் வைக்கோலையும் சோளத்தட்டையும் மாட்டுக்குப் போடறதா இருந்தா, பெயின்ட், ஜிகினா, தெர்மாகோல் துணுக்கு ஒட்டாததை மட்டும் போடுங்க. குண்டூசி, கட்டுக்கம்பி எண்ணிப் போட்டு எண்ணி எடுங்க. மாடு கம்பியை முழுங்கினா வயித்தைக் கிழிச்சுரும்.

---

பதில் 4: முன்னணை_ஈரோடு

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் அல்ல. எங்கள் பக்கம் குடிலைவிட நட்சத்திரமும் கீத பவனியும்தான் பெரிது. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு இரண்டு சபைக்கும் பதில் ஒன்றே.

"ஏழையாகப் பிறந்தார்" என்று தொடங்கினால் கேட்பவர் ஒரு நல்ல மனிதரின் பிறப்பைக் கேட்டுவிட்டுப் போவார். எத்தனையோ பேர் ஏழையாகப் பிறக்கிறார்கள். யார் பிறந்தார் என்பதில் தொடங்குங்கள். யோவான் 1:1 சொல்வது, ஆதியிலே இருந்த வார்த்தை, கடவுளோடு இருந்தவர், கடவுளாக இருந்தவர். 1:14 சொல்வது, அவரே மாம்சமானார். அந்த இரவில் தொடங்கியது அவருடைய மனித வாழ்வு, அவர் அல்ல. 325-ல் ஆயர்களின் நிக்கேயா சங்கம் கூடியதே இதற்காகத்தான். மகன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்று ஆரியு என்ற குரு சொன்னார். பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சங்கம் பதில் எழுதியது. 451-ல் கால்சிதோன் சங்கம் அடுத்த படியைத் தெளிவாக்கியது: மெய்யாகவே கடவுள், மெய்யாகவே மனிதர், இரண்டும் கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் ஒரே ஆளில்.

இது ஏட்டுச் சண்டை என்று தோன்றும். தொட்டியைப் பார்த்தால் ஏன் முக்கியம் என்று புரியும். அந்தக் குழந்தைக்கு நிஜமாகவே பசித்தது, நிஜமாகவே குளிர்ந்தது, தூக்க ஒரு கை தேவைப்பட்டது. மனித உருவம் வெறும் தோற்றம் என்று சொன்னவர்களைச் சபை தொடக்கத்திலேயே மறுத்தது (1 யோவான் 4:2). பசி நடிப்பென்றால் சிலுவையும் நடிப்புத்தான். எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை என்று 4-ஆம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரியார் எழுதினார். மனிதப் பிறப்பின் அடிமட்டத்திலிருந்து, துணி சுற்ற வேண்டிய நிலையிலிருந்து எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்குத்தான் தொட்டி.

துணியைப் பசங்கள் யாருமே சொல்வதில்லை. லூக்கா 2:7-ல் துணியில் சுற்றிக் கிடத்தினார்கள். அதே லூக்கா 23:53-ல் துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்தார்கள். கீழைச் சபைகளின் பிறப்பு ஓவியங்களில் தொட்டியைக் கல்லறைப் பெட்டி போலவும், பின்னால் இருண்ட குகையும் வரைவார்கள். பாலனுக்குச் சரிகைப் பட்டு போட்டு வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறும் வெள்ளைக் காடாத் துணி, இரண்டு விரல் அகலக் கீற்றாகக் கிழித்துச் சுற்றினால் போதும். திருப்பூர் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை.

நம் ஊரில் அடுத்து வரும் வார்த்தை எதுவென்று தெரியும்: "அவதாரம் மாதிரிங்களா?" முகம் சுளிக்காதீர்கள், விவாதத்தையும் தொடங்காதீர்கள். பழைய கிறிஸ்தவத் தமிழிலும் மனுஷாவதாரம் என்று எழுதியதுண்டு. கடவுள் இறங்கி வருகிறார் என்பதில் அவருக்குப் பழக்கமான ஒன்றைத் தொட்டு, கிறிஸ்தவ நம்பிக்கை எங்கே தனியாகப் போகிறது என்பதை இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒன்று, இது ஒரே தடவை (எபிரெயர் 9:26-28). இரண்டு, எடுத்த உடலை அவர் விட்டுப் போகவில்லை. உயிர்த்த பிறகும் கையில் காயத்தோடு நின்றார், அந்த மனிதத்தோடேயே விண்ணேறினார். வந்து போனவர் என்று சொல்லாமல், மனிதரானவர், இன்றும் மனிதராகவே இருக்கிறவர் என்று சொல்வோம்.

ஏழ்மைக்குத் தொட்டியைவிட நல்ல சாட்சி லூக்கா 2:24. நாற்பதாம் நாள் கோயிலில் அவர்கள் கொடுத்தது பறவைக் காணிக்கை. ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவர்களுக்கு லேவியர் 12:8 அனுமதித்தது அது. தொட்டியை வைத்து மட்டும் ஏழ்மையைச் சொன்னால், ஊரே நிரம்பிய நேரம், இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதானே என்று யாராவது கேட்கலாம். அது நியாயமான கேள்வியும்கூட.

பேசும்போது வழக்கமாக வரும் பிழைகள் சில. சத்திரக்காரன் கதவைச் சாத்தியதாகச் சொல்வது: நற்செய்தியில் சத்திரக்காரனே இல்லை, கிறிஸ்துமஸ் நாடகத்தில்தான் இருக்கிறான். மரியாள் கன்னியாகக் கருவுற்றதையும் கத்தோலிக்கர் டிசம்பர் 8-ல் கொண்டாடும் அமல உற்பவத்தையும் குழப்புவது: பின்னது மரியா தம் தாயின் வயிற்றில் பாவமின்றி உருவானதைப் பற்றியது, இயேசுவின் பிறப்பைப் பற்றியது அல்ல. மூன்றாவது, யாரையும் மட்டம் தட்டுவது. குடில் பார்க்கக் குழந்தையோடு வந்தவரிடம் அவருடைய சாமியைப் பற்றிப் பேச நமக்கு வேலையே இல்லை.

---

கிளைக்கோயில்_காங்கேயம்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கிளுவை விசயம் கேட்டு எங்க குழுவுல சண்டையே நின்னுபோச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம் மட்டும். டிசம்பர் 25 நிஜத் தேதியே இல்லை, சூரியச் சாமி பண்டிகையை மாத்திக்கிட்டாங்கன்னு காலேஜ் பசங்க கேக்கறாங்க. அப்புறம் அந்த ரெண்டு நிமிசப் பேச்சை யாராச்சும் எழுதியே குடுத்தீங்கன்னா பசங்க மனப்பாடம் பண்ணிக்குவாங்க.

---

பதில் 5: திருவழிபாடு_கோவை

தேதி: நற்செய்தியில் நாள் குறிக்கப்படவில்லை, மறைக்கத் தேவையில்லை. ரோமையில் 354-ல் தொகுத்த ஒரு நாட்காட்டியில், 336-ஆம் ஆண்டு நிலையைக் காட்டும் பட்டியலில், டிசம்பர் 25 பெத்லகேமில் கிறிஸ்து பிறப்பு என்று இருக்கிறது. சூரியக் கடவுளுக்கு 274-ல் அவுரேலியன் பேரரசர் கோயில் கட்டியதையொட்டி வந்த தேதி என்பது ஒரு கருத்து. இயேசு கருவான நாளாக மார்ச் 25-ஐக் கொண்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணியது என்பது இன்னொன்று. ஆய்வாளர்கள் இரண்டு பக்கமும் உண்டு. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் கொண்டாடுகிறது. ஆண்டும் அப்படித்தான். கிறிஸ்து ஆண்டைக் கணக்கிட்டவர் 525 வாக்கில் டயோனிசியுஸ் என்ற துறவி. ஏரோது இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலோர் கணக்கு, ஆகவே பிறப்பு அதற்கும் முன்னால். நாம் கொண்டாடுவது கடவுள் மனிதரானதை. அதனால்தான் அன்று விசுவாச அறிக்கையில் "உடலெடுத்து மனிதர் ஆனார்" என்ற இடத்தில் முழங்காலிடுகிறோம். மற்ற ஞாயிறுகளில் உடலைத் தாழ்த்தி வணங்குவது மட்டும். பசங்களுக்கு இதையும் சொல்லி வையுங்கள், பாதிப் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள்.

---

பதில் 6: முன்னணை_ஈரோடு

பேச்சு, உங்கள் பேச்சு வழக்கிலேயே. நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடம் வரும்.

"வாங்க, வணக்கமுங்க. மொதல்ல அந்தத் தொட்டியைப் பாருங்க. இது தீவனத் தொட்டி. எல்லாத்தையும் படைச்ச கடவுள் ஒருத்தர், ஆதியில இருந்தே இருக்கறவர், மனுசனாப் பொறந்தார்ங்கறது எங்க நம்பிக்கை. வேசம் போட்டு வரலைங்க. நம்மள மாதிரியே பசிச்சு, அழுது, அம்மா பால் குடிச்சு வளர்ந்தார். அந்தத் துணியைப் பாருங்க. பொறந்தப்ப துணியில சுத்துனாங்க, செத்தப்பவும் துணியில சுத்துனாங்க. பொறப்புல இருந்து சாவு வரைக்கும் நம்ம கூட இருந்தார், மூணாம் நாள் உயிர்த்தார், இன்னைக்கும் அதே மனுச உடம்போட இருக்கறார்னு நம்பறோம்.

"சேதி மொதல்ல போனது பட்டியில காவலுக்குப் படுத்திருந்தவங்களுக்கு. அதோ அந்த மூலையில இருக்கறாங்க. தொலை தேசத்துல இருந்து நட்சத்திரம் பாத்து வந்தவங்க இந்தப் பக்கம், இன்னும் வழியிலதான் இருக்கறாங்க, ஜனவரி மொத வாரம் வந்து சேருவாங்க. கிட்ட இருக்கறவங்க, தூரத்துல இருக்கறவங்க ரெண்டு பேருக்கும் இடம் உண்டு. அவங்க கொண்டு வர்ற போளம் இந்தக் கிளுவைக்கு ஒறம்பரை மரத்துப் பிசின், அடக்கம் பண்ணறப்ப உடம்புல வெக்கறது. குழந்தைக்கு அதை ஏன் குடுத்தாங்கன்னு கேட்டீங்கன்னா, அது சிலுவைக் கதை. உக்காருங்க, சொல்றேன்."

விடியற்காலைத் திருப்பலிக்குப் பிறகு இடையரை நகர்த்தியதும் "அந்த மூலையில இருக்கறாங்க" என்பதை "அங்கிருந்து வந்துட்டாங்க" என்று மாற்றிச் சொல்ல வேண்டும். ராஜாக்கள் வரியும் திருக்காட்சி அன்று மாறும். நிற்கிற பசங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் சொல்ல ஒருவர் கூட்டத்தைக் கவனிக்கட்டும். கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்றால் பேர் எழுதி வாங்கிக்கொண்டு உபதேசியாரிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

---

கொறங்காடு

ஒண்ணு விட்டுப்போச்சு. கிளுவைப் போத்தை 23-ஆம் தேதியே வெட்டுங்க, ஈர மணல் தொட்டியில நட்டா ஜனவரி வரைக்கும் வாடாம நிக்கும். குடில் பிரிச்ச அப்புறம் தூக்கி எறியாதீங்க, மழைக்காலம் வந்ததும் கோயில் வேலியில ஊனிவிட்டாப் பிடிச்சுக்கும்.